நான்கு மீட்டர் யார் பக்கம்?

குளிர்கால ஒலிம்பிக் நெருங்கும்போதெல்லாம் ஐஸ் ஹாக்கி ரசிகர்களிடம் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். பெரிய ரிங்க் (ஆடும் பனித்தளம், சுமார் நான்கு மீட்டர் அகலம் கூடியது) என்றால் ஐரோப்பிய அணிகளுக்குக் கொண்டாட்டம், சின்ன ரிங்க் என்றால் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டாட்டம். அதற்கு ஒரு விளக்கமும் கூடவே வரும்: ஐரோப்பியர்கள் இடம் கிடைத்தால் ஓடி ஆடுவார்கள், வட அமெரிக்கர்கள் இடித்து ஆடுவார்கள், இடிப்பதற்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள், பயிற்சியாளர்களே சில சமயம் தோற்ற பிறகு சொல்கிறார்கள். ஆனால் முடிவுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கருத்து எங்கேயும் சரியாக உட்கார மறுக்கிறது.

முதலில் பதக்கக் கணக்கு. வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல். 2014 வரை தன் வீரர்களை அனுப்பிய ஒலிம்பிக்குகளில் நாகானோ 1998, சால்ட் லேக் சிட்டி 2002, டூரின் 2006, சோச்சி 2014 ஆகிய நான்கும் அகலமான ரிங்கில் நடந்தன. வான்கூவர் 2010 மட்டும் என்.ஹெச்.எல். அளவில் நடந்தது. அகல ரிங்க் நான்கிலும் சேர்த்து ஆண்களுக்கு 12 பதக்கங்கள். அவற்றில் வட அமெரிக்காவுக்குக் கிடைத்தவை 3: 2002-ல் கனடா தங்கம், அமெரிக்கா வெள்ளி, 2014-ல் கனடா தங்கம். "12-ல் 3தானா, பார்த்தீர்களா?" என்று இந்த இடத்தில் வாதத்தை முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பதக்கம் வாங்கக்கூடிய அணிகள் என்று ஏழைச் சொல்லலாம்: கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா, செக், ஸ்லோவாக்கியா. 12 பதக்கத்தை ஏழு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் இரண்டு நாடுகளுக்குச் சேர வேண்டியது மூன்றரைக்கும் சற்றுக் குறைவு. கிடைத்தது மூன்று. தங்கத்தை மட்டும் எடுத்தால் நான்கில் இரண்டு கனடாவுக்கு. பெரிய பனியில் வட அமெரிக்கா திணறுகிறது என்பதற்கு இதில் எங்கே சாட்சி?

இதோடு பெய்ஜிங் 2022-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிங்க் 60-க்கு 26 மீட்டர், அதாவது ஏறக்குறைய என்.ஹெச்.எல். அகலம். தங்கம் ஃபின்லாந்து, வெள்ளி ரஷ்ய அணி, வெண்கலம் ஸ்லோவாக்கியா. கனடா காலிறுதியில் ஸ்வீடனிடம் 0–2 என்று தோற்றது. அமெரிக்கா ஸ்லோவாக்கியாவிடம் ஷூட்அவுட்டில் வெளியேறியது. சின்ன ரிங்க், ஆனால் மேடையில் மூன்றும் ஐரோப்பா. காரணம் ரிங்க் அல்ல, என்.ஹெச்.எல். வீரர்கள் வரவில்லை. யார் ஆடுகிறார்கள் என்பது எவ்வளவு இடத்தில் ஆடுகிறார்கள் என்பதைவிட எத்தனையோ மடங்கு கனமான விஷயம்.

அப்படியானால் அகலத்துக்கு எந்த விளைவுமே இல்லையா? இருக்கிறது. அது பொதுவாகச் சொல்லப்படும் இடத்தில் இல்லை.

கூடுதல் பனி எங்கே கிடக்கிறது

என்.ஹெச்.எல். ரிங்க் 200 அடிக்கு 85 அடி, அதாவது 60.96 மீட்டர் நீளம், 25.91 மீட்டர் அகலம். சோச்சியில் ஆடிய சர்வதேச ரிங்க் 60-க்கு 30. மூலை வளைவுகளைக் கழித்த பிறகு ஒன்று சுமார் 1,517 சதுர மீட்டர், மற்றது சுமார் 1,738. வித்தியாசம் 220 சதுர மீட்டர், 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த எண்ணைச் சொல்லிவிட்டு "அதனால் கோல் கூடும்" என்று பலர் தாவிவிடுகிறார்கள். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டைப் பத்து மீட்டர் உள்ளே இழுத்தால் சிக்ஸர் கூடும். அங்கே அளவுக்கும் விளைவுக்கும் நேரான உறவு. ஹாக்கியில் அப்படி இல்லை. அந்த 220 சதுர மீட்டர் ரிங்கில் எந்தப் பகுதியில் சேர்கிறது என்று பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

கோடுகளைப் பாருங்கள். சோச்சி காலத்துச் சர்வதேச விதிப்படி கோல் கோடு முனைப் பலகையிலிருந்து (ரிங்கைச் சுற்றி நிற்கும் தடுப்பின் முனையிலிருந்து) 4 மீட்டர் தள்ளி இருக்கும். இரண்டு கோல் கோடுகளுக்கும் இடைப்பட்ட 52 மீட்டரை நீலக் கோடுகள் மூன்று சம பாகமாகப் பிரிக்கும். ஒவ்வொன்றும் 17.3 மீட்டர். என்.ஹெச்.எல்.லில் 2005-க்குப் பிறகு கோல் கோடு முனையிலிருந்து 11 அடி (3.35 மீட்டர்), அங்கிருந்து நீலக் கோடு 64 அடி (19.5 மீட்டர்), நடுப்பகுதி 50 அடி (15.24 மீட்டர்). ஆக, "பெரிய" ரிங்கின் தாக்குதல் பகுதி ஆழத்தில் சின்ன ரிங்கைவிட 2.2 மீட்டர் குறைவு! அகலம் கூடி ஆழம் குறைந்ததால், கோல் கோட்டுக்கும் நீலக் கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூலை வளைவை விட்டுவிட்டுப் பெருக்கினால் 519-க்கு 505. வெறும் 14 சதுர மீட்டர் வித்தியாசம்.

மிச்சம் எங்கே போனது? நடுப்பகுதிக்கு. அங்கே 519-க்கு 395, அதாவது முப்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல். அடுத்து கோல் வலைகளுக்குப் பின்னால்: ஒவ்வொரு முனையிலும் 33 சதுர மீட்டர் அளவுக்கு. மொத்தக் கூடுதலில் பாதிக்கு மேல் நடுப்பகுதியிலும், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வலைக்குப் பின்னாலும் இருக்கிறது. கோல் விழும் இடத்துக்குச் சேர்ந்தது மிகக் கொஞ்சம், அதுவும் பலகையோரமாக. ஃபேஸ்ஆஃப் புள்ளிகள் (ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் இடங்கள்) இரண்டு ரிங்கிலும் நீளவாக்கு நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 மீட்டரில்தான் இருக்கின்றன. புள்ளிகளுக்கு இடையிலான அந்த 14 மீட்டர் பட்டை மாறவே இல்லை. மாறியது புள்ளியிலிருந்து பக்கப் பலகை வரைக்கும் உள்ள தூரம்: என்.ஹெச்.எல்.லில் சுமார் 6.25 மீட்டர், அகல ரிங்கில் 8.

வலையின் அகலம் 1.83 மீட்டர். கோல் கோட்டிலிருந்து 6 மீட்டர் ஆழத்தில், அதாவது ஃபேஸ்ஆஃப் புள்ளியின் மட்டத்தில், பலகையிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நிற்கும் வீரருக்கு வலை எவ்வளவு தெரியும்? சின்ன ரிங்கில் சுமார் 3.5 டிகிரி. அகல ரிங்கில் 2.7 டிகிரி. கால்வாசிக் கோணம் போய்விட்டது. அவருக்குக் கூடுதல் இடம் கிடைத்திருக்கிறது, உண்மை. ஆனால் அந்த இடத்திலிருந்து அடித்தால் கோல்கீப்பர் தேநீர் குடித்துக்கொண்டே தடுத்துவிடலாம். அகல ரிங்கில் ஆட்டம் முழுக்க பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தன்னிடமே வைத்திருந்து, பலகையோரமாகச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய், கடைசியில் கோலே அடிக்காமல் தோற்கும் அணிகளை நிறையப் பார்க்கலாம். அந்தக் கோணக் கணக்குதான் காரணம்.

அகலத்தில் எங்கே பிசகும்

சின்ன ரிங்கில் வளர்ந்த அணி அகல ரிங்குக்கு வந்தால் முதலில் உடைவது முன்தடுப்பு, அதாவது எதிரணியின் பகுதியிலேயே பக்கைப் பறிக்கப் பாய்வது. எதிரணியின் தற்காப்பு வீரர் மூலையில் பக்கை எடுக்கிறார். முதல் ஆள் பாய்கிறார். இரண்டாம் ஆள் பலகையோரம் போகும் பாஸை மறிக்க வேண்டும். என்.ஹெச்.எல்.லில் அவர் புள்ளியருகே இருந்தால் பலகைக்கு 6.25 மீட்டர். அகல ரிங்கில் இன்னும் ஒன்றே முக்கால் மீட்டர். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் அது 0.22 நொடி. சின்ன நேரமாகத் தெரியலாம். ஆனால் நொடிக்கு 20 மீட்டர் போகும் பாஸ் அதே நேரத்தில் நாலரை மீட்டர் தள்ளிப் போய்விடும். இரண்டாம் ஆள் வந்து சேரும்போது பக் அங்கே இல்லை; அவரும் முதல் ஆளும் பக்குக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்; எதிரே மூன்று பேருக்கு இரண்டு பேர். உடம்பால் இடிக்கும் ஆசை உள்ளவர்களுக்கு இது இன்னும் மோசம். இடித்து முடித்துப் பலகையிலிருந்து திரும்பவும் அதே கூடுதல் தூரத்தைக் கடக்க வேண்டும். அகல ரிங்கில் ஒரு இடியின் விலை இரண்டு மடங்கு.

இரண்டாவது, தற்காப்பு வீரர்கள் தாக்குபவரிடமிருந்து வைத்துக்கொள்ளும் இடைவெளி. 17.3 மீட்டர் ஆழமான நடுப்பகுதியில் எதிரணி வேகம் பிடித்து வரும். பழக்கத்தில் முன்னேறி நின்றால் தாண்டிப் போய்விடுவார்கள்; பயந்து பின்வாங்கினால் நீலக் கோட்டை இலவசமாகக் கொடுக்கிறோம். சரியான பதில் பலருக்கும் உடனே பிடிபடாத ஒன்று: வெளியே போக விட வேண்டும். தாக்குபவர் பலகையோரமாகப் போகட்டும், தற்காப்பவரின் கட்டை (ஆடும் மட்டை) ஃபேஸ்ஆஃப் புள்ளிகளின் கோட்டை விட்டு வெளியே நகராமல் இருக்கட்டும். துரத்திப் போனால்தான் ஆபத்து. நடுவில் துளை விழும். ஒரு ஆள் குறைவாக ஆடும்போது இந்தத் தவறு பளிச்சென்று தெரியும். நாலு பேரும் சதுரமாக நிற்கிறார்கள். பக் பலகையோரம் போகிறது. ஒருவர் பொறுமை இழந்து அங்கே ஓடுகிறார். குறுக்கே ஒரு பாஸ், மறு பக்கம் ஆளில்லை, கோல். அகல ரிங்கில் சதுரத்தைப் பெரிதாக்கவே கூடாது. சின்ன ரிங்கில் எவ்வளவு அகலமாக நின்றார்களோ அதே அகலம்தான்.

கோல்கீப்பரின் சிக்கல் தனி. என்.ஹெச்.எல்.லில் கோணத்தை அடைக்க வலையை விட்டு முன்னே வந்து நிற்பது உதவும். அகல ரிங்கில் குறுக்குப் பாஸ்கள் நீளமானவை; முன்னே நிற்பவர் பக்கவாட்டில் நகர வேண்டிய தூரம் கூடிவிடுகிறது. அதனால் அரை அடி, ஓரடி பின்வாங்கி நிற்கிறார்கள். வலைக்குப் பின்னால் உள்ள கூடுதல் 65 சென்டிமீட்டரும் அவருக்குத் தொல்லை. பின்னாலிருந்து எந்தப் பக்கம் வரும் என்று தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வளர்ந்த கோல்கீப்பர்கள் வலைக்குள் ஆழமாக நிற்பதற்கும் இந்த அளவுகளுக்கும் தொடர்பு உண்டு.

ஆளை மாற்றும் நேரம் பற்றி யாரும் பேசுவதில்லை. இரு அணிகளின் பெஞ்சும் ஒரே பக்கத்தில் இருக்கும். மறு பக்கப் பலகையில் ஆடிக்கொண்டிருந்தவர் திரும்பி வர 4 மீட்டர் கூடுதல். ஆட்டம் மூன்று பகுதிகளாக நடக்கும்; இரண்டாம் பகுதியில் பக்கங்கள் மாறி பெஞ்ச் தூரமாகிவிட்ட பிறகு, களைத்த கால்களோடு அந்த 4 மீட்டர் நீளமாகத் தெரியும். 45 நொடி ஆடிப் பழகியவர்களை 35, 40-க்குக் குறைத்தால் ஒழிய, அந்தப் பகுதியின் கடைசியில் மாட்டிக்கொள்வார்கள்.

சோச்சி

இவ்வளவும் தெரிந்த ஒரு பயிற்சியாளர் என்ன செய்வார் என்பதை 2014-ல் மைக் பாப்காக்கின் கனடாவில் பார்த்தோம். ரிங்க் அளவு பற்றிய வாதம் எனக்கு அங்கேதான் முடிகிறது. 2006-ல் டூரினில் கனடா பட்ட அடி அப்போது எல்லார் நினைவிலும் இருந்தது. ஸ்விட்சர்லாந்திடம் 0–2, ஃபின்லாந்திடம் 0–2, காலிறுதியில் ரஷ்யாவிடம் 0–2. மூன்று ஆட்டங்களில் ஒரு கோல் இல்லை. பழி ரிங்கின் மீது விழுந்தது. ஆனால் அதே பயிற்சியாளர் பாட் க்வின்தான் நான்கு ஆண்டுக்கு முன் சால்ட் லேக்கில், அதே அகலத்தில், இறுதியில் அமெரிக்காவை 5–2 என்று வென்றிருந்தார். இடையில் மாறியது என்ன? டூரினில் ஸ்காட் நீடர்மேயரும் எட் ஜொவனோவ்ஸ்கியும் காயத்தால் வரவில்லை. இருவரும் பக்கைத் தாங்களே நடுப்பகுதி வழியாகக் கொண்டுபோகும் தற்காப்பு வீரர்கள். கூடுதல் பனியில் பாதி நடுப்பகுதியில் கிடக்கிறது என்ற கணக்கோடு இதைச் சேர்த்துப் படித்தால், டூரினில் கனடாவுக்கு எது இல்லாமல் போனது என்பது புரியும்.

சோச்சிக்கு அணி எடுத்தபோது இது மறக்கப்படவில்லை. முன்கள வீரர்களில் க்ராஸ்பி, டேவ்ஸ், பெர்ஜெரான், கெட்ஸ்லாஃப், டவாரெஸ், கார்ட்டர், டுஷேன் என்று சென்டர் (நடு முன்கள வீரர்) ஆடுபவர்களாகக் குவித்தார்கள். இடம் இல்லாதவர்களை ஓரத்தில் ஆட வைத்தார்கள். சென்டர் ஆடுபவருக்குத் தன் கோலின் முன்வரை இறங்கி வந்து தற்காப்புக்கு உதவுவது பழக்கம். முன்களத்தில் ஆடும் மூன்று பேரில் இரண்டு பேர் அப்படிப்பட்டவர்கள் என்றால் நடுப்பட்டை ஒருபோதும் காலியாகாது. தற்காப்பில் இடக்கைக்கு ஒருவர், வலக்கைக்கு ஒருவர் என்று ஜோடி போட்டார்கள்: கீத்–வெபர், வ்லாசிக்–டௌட்டி, பௌமீஸ்டர்–பியெட்ராஞ்சலோ. அகல ரிங்கில் தற்காப்பு வீரர்கள் இருவருக்கும் இடையிலான பாஸ் நீளமானது. தவறான கையில் வாங்கினால் உடம்பைத் திருப்ப அரை நொடி போகும். அந்த ஆண்டு நட்சத்திரமாக இருந்த தற்காப்பு வீரர் சுப்பன் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினார். 2013 ஆகஸ்டில் கால்கரியில் கூடியபோது காப்பீட்டுச் செலவு காரணமாக கனடா வீரர்கள் பனியில் இறங்கவே இல்லை. காலணியோடு, பந்தை வைத்துக்கொண்டு, நடந்து நடந்து யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார்கள். அப்போது சிரித்தவர்கள் உண்டு.

முடிவு: 6 ஆட்டம், 6 வெற்றி, அடித்தது 17 கோல், வாங்கியது 3. அரையிறுதியில் அமெரிக்காவை 1–0; இறுதியில் ஸ்வீடனை 3–0. இந்த எண்களைவிட ஆட்டம் போன விதம் இன்னும் தெளிவாகப் பேசியது. அமெரிக்கா முதல் நான்கு ஆட்டங்களில் 20 கோல் குவித்து வந்திருந்தது. கனடாவுக்கு எதிரே அவர்களுக்குப் பலகையோரம் முழுக்க இடம் இருந்தது. உள்ளே வரத்தான் வழியில்லை. வெளியிலிருந்து 31 முறை அடித்தார்கள்; கனடாவின் கோல்கீப்பர் கேரி ப்ரைஸ் ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்த்துப் பிடித்தார். ஜேமி பென் இரண்டாம் பகுதியில் வலைக்கு முன்னால் கட்டையை வைத்துத் திருப்பிய ஒரே கோல் போதுமானதாக இருந்தது. மனம் உடைந்த அமெரிக்கா வெண்கல ஆட்டத்தில் ஃபின்லாந்திடம் 0–5 என்று சரிந்தது. ஸ்வீடனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: ஸெட்டர்பெரி, ஹென்ரிக் செதீன் காயத்தால் இல்லை, பேக்ஸ்ட்ரோம் இறுதி ஆட்டத்துக்குச் சற்று முன் மருந்துப் பரிசோதனை விவகாரத்தில் நிறுத்தப்பட்டார். மூன்று சென்டர் இல்லாத அணி அகல ரிங்கில் நடுவை எப்படிப் பிடிக்கும்?

இன்னொரு விவரம். கனடாவின் 17 கோல்களில் ட்ரூ டௌட்டி 4, ஷீ வெபர் 3. இருவரும் தற்காப்பு வீரர்கள். ஏழு கோல் பின்வரிசையிலிருந்து! நீலக் கோடு என்.ஹெச்.எல்.லைவிட கோலுக்கு 2.2 மீட்டர் அருகில் இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். எதிரணிகள் கோல் முன்னால் கூட்டமாகப் பின்வாங்கியதும் ஒரு காரணம். இரண்டில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 2014-க்குப் பின் வந்த விதிநூலில் நீலக் கோடு முனைப் பலகையிலிருந்து 22.86 மீட்டருக்கு, அதாவது என்.ஹெச்.எல்.லின் அதே 75 அடிக்கு, நகர்த்தப்பட்டது. தாக்குதல் பகுதிக்கு ஒன்றரை மீட்டர் ஆழம் கிடைத்தது. அகலத்தைப் பற்றி வருடக்கணக்கில் சண்டை போட்டவர்கள் இந்த மாற்றத்தைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

சின்ன அணிக்கு எது நல்லது

அகல ரிங்க் திறமைசாலிக்குச் சாதகம் என்ற நம்பிக்கைக்கு எதிராக எனக்குப் பிடித்த சாட்சி அதே சோச்சியின் காலிறுதி. லாட்வியா. 55 முறை தடுத்தார் கிறிஸ்டெர்ஸ் குட்லெவ்ஸ்கிஸ் என்ற இளம் கோல்கீப்பர். மூன்றாம் பகுதியில் ஏழு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது வெபர் பவர் பிளேயில் (எதிரணிக்கு ஆள் குறைந்திருக்கும் நேரத்தில்) அடித்த கோலில்தான் கனடா 2–1 என்று தப்பியது. லாட்வியா செய்தது எளிது: பலகையோரத்தை விட்டுக்கொடு, புள்ளிகளுக்கு நடுவே ஐந்து பேரும் அடைத்து நில், கோல்கீப்பரை நம்பு. சின்ன ரிங்கில் இதே உத்திக்கு ஆபத்து அதிகம். பலகையில் இருப்பவரும் கோலுக்கு அருகில்தான் இருக்கிறார்; ஓரத்தை விட்டுக்கொடுத்தால் அங்கிருந்தே அடி விழும். அகல ரிங்கில் ஓரம் என்பது உண்மையிலேயே ஓரம். 2006-ல் ஸ்விட்சர்லாந்து கனடாவை வீழ்த்தியதும், 2002 காலிறுதியில் பெலாரஸ் ஸ்வீடனை 4–3 என்று சாய்த்ததும் அகலத்தில் நடந்தவைதான். பெலாரஸ் அரையிறுதியில் கனடாவிடம் 1–7 வாங்கியது என்பது வேறு கதை. அடைத்து நிற்கும் உத்தி முதல் கோல் விழும் வரைக்கும்தான்.

இன்னும் பின்னால் போனாலும் பெரிய ரிங்க் ஐரோப்பாவுக்குத்தான் என்ற வாதத்துக்கு ஆதரவு கிடைப்பதில்லை. 1972-ல் கனடாவும் சோவியத் யூனியனும் ஆடிய எட்டு ஆட்டத் தொடரில், சொந்த நாட்டுச் சின்ன ரிங்க் நான்கில் கனடாவுக்கு ஒரு வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி. மாஸ்கோவின் பெரிய ரிங்கில் முதல் ஆட்டத்தைத் தோற்று, பிறகு மூன்றையும் வென்றது. மூன்றிலும் வெற்றி கோல் பால் ஹெண்டர்சனுடையது. இடையில் இரண்டு ஆட்டம் ஸ்டாக்ஹோமில் ஆடி அகலத்துக்குப் பழகியிருந்தார்கள். தொடரின் தொடக்கத்தில் உடல் தயாராகாமல் இருந்ததும், போகப் போகச் சரியானதும் பெரிய காரணம். அகலத்துக்குப் பழக இரண்டு ஆட்டமும் சில நாள் பயிற்சியும் போதும் என்பதையும் அந்தத் தொடர் காட்டியது. 1980 இன்னும் வேடிக்கை. ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனின் சின்ன ரிங்கில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களை சோவியத் 10–3 என்று துவைத்தது. பிப்ரவரி 22 அன்று லேக் ப்ளாசிடின் 100 அடி அகல ரிங்கில் அதே பையன்கள் 4–3 என்று வென்றார்கள். சோவியத் 39 முறை கோலை நோக்கி அடித்தது, அமெரிக்கா 16 முறைதான். அமெரிக்கப் பயிற்சியாளர் ஹெர்ப் ப்ரூக்ஸ் தன் அணியைப் பல மாதங்கள் ஓடவிட்டுத் தயார் செய்தது அகலத்துக்காகவே. ஆனால் அன்று ஜெயித்தது நடுவை அடைத்த பொறுமையும் கோல்கீப்பர் ஜிம் க்ரெய்கும்.

ஃபின்லாந்து எந்தத் தரப்புக்கும் அகப்படாத நாடு. அங்கே பல ரிங்குகள் 28 மீட்டர் அகலம், இரண்டுக்கும் நடுவில். ரஷ்யாவை மையமாகக் கொண்ட கே.ஹெச்.எல். லீக்கில்கூட அந்த அளவுக்குப் ஃபின்னிஷ் ரிங்க் என்றே பெயர். என்.ஹெச்.எல். வீரர்கள் வந்த முதல் ஐந்து ஒலிம்பிக்கில் ஃபின்லாந்துக்கு நான்கு பதக்கம்: 1998 வெண்கலம், 2006 வெள்ளி, 2010 வெண்கலம், 2014 வெண்கலம். வேறு எந்த நாட்டுக்கும் அத்தனை இல்லை. அகலத்தில் மூன்று, குறுகலில் ஒன்று. பிறகு பெய்ஜிங்கின் 26 மீட்டரில் தங்கம். 28 மீட்டர்தான் ரகசியம் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பிராட்டிஸ்லாவாவில் 2019 உலகப் போட்டியில் பெயர் தெரியாத வீரர்களை வைத்து ஃபின்லாந்துப் பயிற்சியாளர் யுக்கா யாலொனென் கனடாவை இறுதியில் 3–1 என்று வென்றபோது, ஐந்து பேரும் ஒரே கயிற்றில் கட்டியது போல நகர்ந்தார்கள். பக் எந்தப் பக்கம் போனாலும் மறு பக்க ஓர வீரர் நடுக்கோடு வரை வந்துவிடுவார். இப்படி ஆடும் அணிக்கு வெளியே எத்தனை மீட்டர் மிச்சம் என்பது பொருட்டே இல்லை. கோல்கீப்பர்களை வளர்ப்பதில் அந்த நாடு காட்டும் அக்கறையும் 28 மீட்டரைவிடப் பெரிய விஷயம்.

இப்போது ஒலிம்பிக் குறுகலுக்கு வந்துவிட்டது. வான்கூவரில் இருக்கும் அரங்கை அகலப்படுத்தினால் செலவு, இருக்கை இழப்பு. அதனால்தான் 2010-ல் சின்ன அளவுக்குச் சம்மதித்தார்கள். ரிங்கின் அகலம் மாறுவது பலகையை நகர்த்தும் வேலை மட்டுமில்லை. பலகையைத் தாங்கும் ஆணிகள் கான்கிரீட்டில் எங்கே பதிந்திருக்கின்றன, குளிர்விக்கும் குழாய்கள் எதுவரை ஓடுகின்றன, முதல் வரிசை இருக்கையிலிருந்து அருகிலுள்ள பலகையோரம் தெரியுமா என்று எல்லாம் மாறும். மிலானோ 2026-க்கு 60-க்கு 26 என்று கட்டியபோது கிளம்பிய புதுச் சண்டை நீளத்தைப் பற்றியது: என்.ஹெச்.எல்.லைவிட 96 சென்டிமீட்டர் குட்டை. பெய்ஜிங்கிலும் இதே அளவுதான், அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு தாக்குதல் பகுதியும் 22.86 மீட்டரில் நின்றால் அந்த 96 முழுதும் நடுப்பகுதியிலிருந்து குறைகிறது. வேகமாக வரும் வீரருக்கு அது பத்தில் ஒரு நொடி. நீலக் கோட்டைத் தாண்டும் நேரத்தைக் கொஞ்சம் முன்கூட்டிக் கணிக்க வேண்டும். இரண்டு பயிற்சி போதும். மிலானோ அரங்கின் கட்டுமானம் தாமதமாகி, பனி உறைந்து முதிர்வதற்கு நாள் குறைந்ததுதான் பயிற்சியாளர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய சங்கதி. மூன்று நான்கு சென்டிமீட்டர் தடிமனான பனியை மைனஸ் 5 டிகிரி அருகில் வைக்காவிட்டால், ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் நடக்கும் அரங்கில் கடைசி ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் பனி மெழுகுபோல் ஆகிவிடும். பக் தட்டையாகப் போகாமல் துள்ளும். நடுப்பகுதி வழியே நீளமான பாஸ் போட்டு நுழையும் அணிகள் அப்போது பக்கை உள்ளே தூக்கி எறிந்துவிட்டுப் பின்னால் ஓட வேண்டியிருக்கும். அதற்கேற்ற நாலாவது வரிசை (மாறி மாறி இறங்கும் முன்கள மூவர்களில் கடைசிக் குழு) யாரிடம் இருக்கிறது என்று அணிப் பட்டியலைப் பார்ப்பது, டேப்பை எடுத்துக்கொண்டு பலகைகளுக்கிடையே அளப்பதைவிடப் பயனுள்ள வேலை.